மருந்துக்கு அடங்காத புழு

ஆப்பிரிக்கச் சமவெளியில் ஒட்டகச்சிவிங்கி மரக்கிளைக் கொழுந்துகளை மேயும். அதன் கழிவில் பொரிக்கும் இளம்புழு பனி ஈரத்தைப் பற்றிக்கொண்டு புல்லில் ஏறினாலும் சில அங்குலம்தான். இரண்டும் சந்திப்பது அபூர்வம். அதே ஒட்டகச்சிவிங்கியை வேலிக்குள் புல்தரையில் விட்டால், முன்னங்கால்களை அகட்டி நின்று, தன் புழுக்கை கிடக்கும் இடத்துப் புல்லையே கடிக்கிறது.

விலங்கு மருத்துவர்கள் பெரிதும் அஞ்சுவது ஹீமாங்கஸ் என்ற புழுவுக்கு. அசைபோடும் விலங்கின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். பெண்புழு ஒன்று நாளைக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும். இரத்தம் இழந்த விலங்கின் உள் இமை வெளுக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். ஆடு வளர்ப்பவர்களுக்குப் பழகிய அடையாளங்கள்தான். ஆனால் வேலிக்குள் மிரண்டோடும் மானைப் பிடித்து இமையை விலக்கிப் பார்ப்பது யார்? புழுக்கையைத்தான் நம்ப வேண்டும். அதைக் கரைத்து வடிகட்டி, அடர்ந்த உப்புக்கரைசலில் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வரும். கட்டம் போட்ட கண்ணாடியில் ஏற்றி, நுண்ணோக்கியில் எண்ணலாம். பெரிய செலவில்லை, பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமைக்குத்தான் பஞ்சம். காலண்டரைப் பார்த்து மந்தைக்கே தீவனத்தில் மருந்து கலந்து வைப்பது பழைய வழக்கம். கொம்பு பெருத்த கிடா முதலில் வந்து வயிறு முட்டத் தின்னும். நோஞ்சான் பெட்டைக்கு அடித்தட்டில் கிடப்பதுதான். அரைகுறை அளவில் சாகாத புழு, தாக்குப்பிடிக்கும் குணத்தைத் தன் வாரிசுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. தயாபெண்டசோல் என்ற புழுமருந்து 1961-இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே செம்மறிகளில் அதற்கு அசையாத புழு தென்பட்டது. 1981-இல் ஐவர்மெக்டின். அதன் மூலக் கண்டுபிடிப்புக்கு 2015-இல் நோபல் பரிசே கிடைத்தது; புழு அதற்கு முன்பே அதையும் பழகியிருந்தது. ஃபுளோரிடாவில் வேலிக்குள் வாழும் ஒட்டகச்சிவிங்கிகளிலும் பல மருந்துகளுக்கு அடங்காத ஹீமாங்கஸைக் கண்டிருக்கிறார்கள்.

குட்டி துவளும்போது முட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயம்தான். துவண்ட குட்டிக்கு உடனே மருந்து கொடுங்கள். திடமாக நிற்கும் மொத்த மந்தைக்கும் எதற்கு? அதற்குப் பதில் தீவனத்தொட்டியை உயர்த்திக் கட்டலாம், தழையை உயரத்தில் தொங்கவிடலாம், கழிவை அன்றாடம் அள்ளலாம். மருந்து கொடுத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லையென்றால் அந்த மருந்தை அந்த மந்தைக்கு இனி நம்பிப் பயனில்லை.