உங்களுக்குத் தெரியுமா? தொழில் பழகுவோருக்கு…

ஓ.எல். ரிசல்ட் வந்த கிழமையில் கல்முனைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "ஏ.எல்.லுக்கு மகன் என்ன செய்யப் போறார்?" கணக்கில் தவறிய பிள்ளை அந்த நேரம் அறையை விட்டு வெளியே வராது. இந்தத் துணுக்குகள் அந்தப் பிள்ளைக்கு, அதன் வகுப்பாசிரியருக்கும்தான்.

● ஜூலை 15 உலக இளைஞர் திறன் தினம். 2014இல் ஐ.நா. பொதுச் சபையில் இதற்கு முன்னின்று பாடுபட்ட நாடு எது தெரியுமா? இலங்கை! சிறுவர் தினத்துக்கும் ஆசிரியர் தினத்துக்கும் மேடை போடும் நம் பாடசாலைகள், இதற்கு ஒரு காலைக்கூட்டமாவது வைக்கலாமே.

● தொழில் பழகுவோருக்கென்று நாட்டில் தனிச் சட்டமே வந்தது, 1971இல். அன்று உருவான பயிலுனர் சபைதான் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் 'நைட்டா' ஆனது. வேலைத்தளத்தில் நின்றே தொழில் பழக வைப்பது அதன் வேலை.

● மருதமுனைச் சாரத்துக்கு அறிமுகம் வேண்டியதில்லை. மிதியை மிதித்து, நாடாவை ஓடவிட்டு, அறுந்த இழையை ஓசையிலேயே பிடித்து முடிச்சுப் போடும் அந்தக் கைகளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பக்கத்தில் இருந்த வாப்பாவும் உம்மாவும். நம் கரையோரத்தின் ஆகப் பழைய பயிற்சி நிலையம் தறிக்கொட்டில்தான். என்ன, சேர்டிபிகேட் மட்டும் தரமாட்டார்கள்.

● அந்த சேர்டிபிகேட்டுக்கும் வழியுண்டு. பெயர், முன்கற்றல் அங்கீகாரம். வருடக்கணக்காக மேசன் வேலை செய்யும் மாமா திரும்பவும் வகுப்பில் குந்தத் தேவையில்லை. செய்த வேலைகளுக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டினால் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். கட்டாருக்கோ சவூதிக்கோ போக நினைப்பவர்கள் இந்தத் துணுக்கை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

● என்.வி.கியூ.வில் 7 படிகள். 4இல் நிற்பவர் யாருடைய மேற்பார்வையும் இன்றி வேலையை முடிக்கக்கூடியவர். 5, 6 டிப்ளோமாக்கள். 7? பட்டம்! கராஜில் தொடங்கிய பிள்ளை, இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த யுனிவொடெக் பல்கலைக்கழகம் வரை போகலாம். வாப்பாமார் இதை லேசில் நம்புவதில்லை.

● 16 வயதுக்கு முன் பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 18 ஆகும்வரை ஆபத்தான வேலைகளும் கூடாது. "சும்மா பழகட்டும்" என்று வெல்டிங் கடையில் விடுபவர்கள் கவனிக்கவும்.

● மைக்கேல் பரடே 14 வயதில் லண்டனில் புத்தகம் கட்டும் தொழில் பழகப் போனவர். கட்டக் கொடுத்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார்.

● ஓ.எல்.லில் தவறினாலும் தரம் 12இல் தொடர்ந்து படிக்கலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்துறைப் பிரிவு அதற்குத்தான்.

● பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா? பாடநெறிக்கு என்.வி.கியூ. உண்டா, எத்தனையாம் மட்டம்? பதிலை வாயால் சொன்னால் போதாது, கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.