ஐப்பசி மழையில் பறவையும் பாம்பும்

கன்னிவாடி மலையடிவாரத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும், அதுகாறும் காணாத பறவைகள் காணப்படுகின்றன; பாம்புகளின் நடமாட்டமும் மிகுகின்றது. இரண்டும் ஒரே காரணத்தால் நிகழ்வன என்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று.

பறவைகள் மெய்யாகவே தேசம் கடந்து வருகின்றன. ஓடைக்கரையில் வாலை ஆட்டித் திரியும் சாம்பல் வாலாட்டி இமயமலைப் பக்கத்தது. அந்தியில் புதருக்குள்ளிருந்து கூவும் ஆறுமணிக்குருவி வட இந்தியாவிலிருந்து வருவது. சோளக்காட்டில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவியோ மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வருகின்றது. அது கதிரைக் கொத்துவது உண்மையே. வெட்டுக்கிளிகளையும் ஏராளமாகத் தின்கிறது. ஆகையால் தகரம் தட்டி ஓட்டுவதோடு நின்றுவிடலாம்.

பாம்பு எங்கிருந்தும் வருவதில்லை. நம் வரப்பிலேயே இருந்ததுதான். வளையில் நீர் புகுந்தால் மேட்டை நாடுகிறது. மழைக்குத் தவளை வெளிப்படுகிறது. அறுவடைத் தானியத்துக்கு எலி வீட்டை நெருங்குகிறது. இரையின் பின்னே பாம்பும் வருகிறது. சாரை வந்தால் எலி குறையும். முதன்மையாக அஞ்ச வேண்டியவை நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே.

இவற்றுள் கட்டு விரியனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அது இரவில் வீட்டினுள் நுழைந்து, தரையில் படுத்திருப்போரைத் தீண்டுகிறது. வலி அதிகமிராது, பல் தடமும் எளிதில் தெரியாது. விடியுமுன் வயிற்றுவலி கண்டு, இமைகள் தாமே சரிந்தால், காயம் தேடிக் காலம் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டிலும், ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலையும் நல்ல காவல். குழித்தறி நெய்வோர் விளக்கைக் காட்டிப் பார்த்த பின்னரே குழிக்குள் காலை இறக்குக.

2000 முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 இலட்சம் பேர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக்கிற்று. கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கே. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் எடுத்துச் செல்க. பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. மேற்கூறிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான்.

அம்மருந்தின் மூலம் ஒரு கூட்டுறவுச் சங்கமே என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, இருளர்கள் பிழைப்பிழந்தனர். 1978-இல் அவர்களுக்கென இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது நடைபெறுகிறது. அங்கத்தினர் அரசு அனுமதியுடன் பிடித்து வரும் பாம்புக்குச் சங்கம் விலை கொடுக்கிறது. அதனை மண்பானையில் சில வாரம் வைத்து விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். விஷம் மருந்து செய்யும் நிலையங்களுக்கு விற்கப்படுகிறது. இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.