கோடுகள் கூறும் உண்மை

எண்களை வரிசையாக எழுதி வைத்தால் அவற்றின் பொருள் எளிதில் விளங்குவதில்லை. அவற்றையே கட்டத்தாளில் கோடாக வரைந்தால் உண்மை கண்ணுக்குப் புலனாகும். இதற்கு நம் கிள்ளான் வட்டாரத்திலேயே தக்க சான்று உண்டு.

1901ஆம் ஆண்டில் கிள்ளான் நகரிலும், அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) மலேரியாக் காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்திருந்தார். ஆகவே, சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டித் தேங்கிய நீரை அகற்றினால் நோய் குறையும் என்று கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் கருதினார். சோதிப்பதற்கு முன் கொள்ளும் இத்தகைய கருத்தையே கருதுகோள் என்கிறோம். வடிகால்களும் வெட்டப்பட்டன.

1900 முதல் 1905 வரை அவ்விரு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தோர் தொகை முறையே 259, 368, 59, 46, 48, 45. கட்டத்தாளின் கீழ்ப்புறம் ஆண்டுகளையும் இடப்புறம் இறந்தோர் தொகையையும் குறித்துப் புள்ளிகளை இணைப்போம். கோடு 1901இல் குன்றுபோல் உயர்ந்து, 1902இல் சரேலென வீழ்ந்து, பின்னர் தாழ்வாகவே செல்வதைக் காண்கிறோம்.

"நோய் தானாகவே தணிந்திருக்கலாமே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான ஐயமே. அதனைத் தீர்க்க மற்றொரு கோடு வேண்டும். இவ்வடிகால்களின் பயனைப் பெறாத மாவட்டத்தின் ஏனைய பகுதிகளில் அதே ஆண்டுகளில் காய்ச்சலால் இறந்தோர் 173, 266, 227, 230, 286, 351. இதனையும் அதே தாளில் வரைவோம். இக்கோடு வீழவில்லை, இறுதியில் ஏறியே நிற்கிறது. நோய் தானாகத் தணிந்திருந்தால் இரு கோடுகளும் சேர்ந்தே இறங்கியிருக்கும் அன்றோ?

புதிய தோட்டங்களில் ஆட்கள் பெருகியதும் இரண்டாம் கோடு ஏறியதற்கு ஒரு காரணமாகும். எனினும், நகரிலும் மக்கள் பெருகியே வந்தனர். அங்கே கோடு வீழ்ந்தது. ஆகவே வாட்சனின் கருதுகோள் வலுப்பெற்றது. அவர் பின்னர்த் தோட்டங்களிலும் மலேரியாத் தடுப்புப் பணியில் ஈடுபட்டார்.

அந்த இரண்டாம் கோட்டில் தோட்டங்களில் உழைத்து மாண்ட நம் முன்னோரும் அடங்குவர் என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவச் செல்வங்களே, இவ்விரு கோடுகளையும் நீங்களே வரைந்து பாருங்கள். பெற்றோர்களே, "இதனை உண்டோம், நோய் தீர்ந்தது" என்று எவரேனும் கூறினால், "உண்ணாதவர் நிலை என்ன?" என்று கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் அறிவுடைமை.