சீட்டுதான் சம்பளம்! தெரியுமா?

சினிமாவில் போக்கர் என்றால் கோட்டு சூட்டு, கோடிகளில் பந்தயம், வியர்த்துக் கொட்டும் வில்லன்! ஆனால் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், ஒரு டாலருக்கும் மூன்று டாலருக்கும் சீட்டாடியே வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் உண்டு, தெரியுமா? 'கிரைண்டர்' என்று பெயர். அவர்கள் உலகத்தை எட்டிப் பார்ப்போமா?

நுழைவுச் சீட்டு எவ்வளவு?
சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு பணம் வைத்தாக வேண்டும். ஒருவர் 1 டாலர், அடுத்தவர் 3 டாலர். அதனால்தான் அது 'ஒன்று-மூன்று' மேஜை! கையில் 300 டாலர் இருந்தால் தாராளமாக உட்காரலாம். போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு? 10,000 டாலர்!

வேலையே சும்மா இருப்பதுதான்!
நேரடி மேஜையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம்தான் நடக்கும். கெட்டிக்கார ஆட்டக்காரர் அதில் எத்தனை ஆடுவார் தெரியுமா? ஆறோ ஏழோ! மற்றதெல்லாம் ரம்மியில் ஸ்கூட் விடுவது மாதிரி, பார்த்தவுடன் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.

ஷிஃப்டுக்கு ஒரு முறை!
முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டு மொத்தம் 1,326 விதமாக அமையலாம். இரண்டும் ஏஸாக வருவது 221-க்கு ஒரு முறை! அதாவது ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தால் ஒன்று. சரி, வந்துவிட்டால் வெற்றி நிச்சயமா? எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்தால், 100-க்குச் சுமார் 18 முறை ராஜாவே ஜெயித்துவிடுவார்!

அரை வருஷத் தவம்!
ஒரே இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து! இதுதான் 'ராயல் ஃப்ளஷ்'. கையிலுள்ள இரண்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக விரியும் ஐந்து என ஏழு சீட்டு முழுவதும் பார்த்தாலும் 30,940-க்கு ஒரு முறைதான் இது கிடைக்கும். ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல், வாரம் 40 மணி நேரம் ஆடினாலும், சராசரியாக ஆறு மாதத்துக்கு ஒன்று!

பணத்தை விழுங்கும் துளை!
போக்கரில் கேசினோ உங்களுக்கு எதிராக ஆடுவதே இல்லை, தெரியுமா? யார் ஜெயித்தாலும் அதற்குக் கவலையில்லை! நடுவில் குவியும் பணத்திலிருந்து டீலர் ஓரிரு சிப்பை விரலால் நகர்த்துவார். அது மேஜையிலுள்ள சின்னத் துளை வழியே கீழே தொங்கும் பெட்டிக்குள் 'டக்'கென்று விழும். அவ்வளவுதான்! ஆட்டத்துக்கு 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120 டாலர். ஜெயித்தவர் டீலருக்குத் தட்டும் 1 டாலர் டிப்ஸையும் சேர்த்தால் 150! மேஜையில் ஒன்பது பேர் சரிசமமாக ஆடினால் என்ன ஆகும்? ஒன்பது பேருக்குமே மணிக்கு 16 டாலருக்கு மேல் நஷ்டம்!

தமிழில் பேசினால் போச்சு!
ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்பது அமெரிக்க மேஜைகளில் சகஜமான விதி. பக்கத்து நாற்காலியில் சொந்த மச்சானே உட்கார்ந்திருந்தாலும் தமிழில் ஒரு வார்த்தை கூடாது! ஜெயித்த சிப்பைச் சட்டைப்பையில் போடலாமா? அதுவும் கூடாது! எழுந்து வீட்டுக்குப் போகும்வரை அத்தனையும் மேஜை மேல்தான் இருக்க வேண்டும்.

நன்றாக ஆடியும் நஷ்டமா?
ஒருவர் சராசரியாக மணிக்கு 20 டாலர் ஜெயிக்கும் திறமைசாலி என்று வையுங்கள். ஏற்ற இறக்கம் மணிக்கு 200 டாலர் அளவு. 100 மணி நேரம் ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க ஆறில் ஒரு வாய்ப்பு! திறமையில் குறையே இல்லாமல்!

இரண்டு வருஷம் எதிர் 20 நாள்!
2017-ல் பிட்ஸ்பர்க் நகரில் 'லிப்ராட்டஸ்' என்ற கணினி நான்கு தொழில்முறை வீரர்களோடு மோதியது. 20 நாளில் 1,20,000 ஆட்டம்! ஜெயித்ததும் கணினிதான். நம் கிரைண்டர் நேரடி மேஜையில் அத்தனை ஆட்டம் ஆடி முடிக்க எவ்வளவு காலம் ஆகும்? 4,000 மணி நேரம்! வாரம் 40 மணி என்றால் ஏறக்குறைய இரண்டு வருஷம்!

தோற்றவர் வாங்கித் தந்த அங்கீகாரம்!
சூதாட்டம் ஒரு தொழிலா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் 'ஆமாம், முழு நேரமாக, பிழைப்புக்காகச் செய்தால் தொழில்தான்' என்றது. வழக்கின் நாயகர் ராபர்ட் க்ரோட்சிங்கர் என்ன செய்தார் தெரியுமா? 1978-ல் வாரம் 60 முதல் 80 மணி நேரம் நாய்ப் பந்தயமே கதி! கட்டியது 72,032 டாலர். திரும்ப வந்தது 70,000. நிகர நஷ்டம் 2,032 டாலர்!

வராத பணத்துக்கு வரி!
2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டப்படி, 2026 முதல் சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தை மட்டுமே கழித்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் டாலர் ஜெயித்து, அதே ஒரு லட்சத்தையும் தோற்றவர் கதி? கையில் சல்லிக்காசு இல்லை. ஆனாலும் 10,000 டாலர் வருமானமாகக் கணக்கில் ஏறும்!

கடைசியில் மிஞ்சுவது என்ன?
மணிக்கு 20 டாலர், வாரம் 40 மணி, வருஷம் 50 வாரம். பெருக்கினால் 40,000 டாலர்! சம்பளத்தோடு லீவு இல்லை, முதலாளி கட்டும் மருத்துவக் காப்பீடு இல்லை, பி.எஃப். இல்லை! இதுவும் ஜெயிக்கிறவர் கணக்குதான். மேஜையில் பெரும்பாலானோர் அந்தத் துளைக்கே தீனி போடுகிறவர்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் செல்போனில் பணம் கட்டி ஆட இடம் தேடாதீர்கள்! திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அத்தனைக்கும் தடை போட்டு 2025 ஆகஸ்டிலேயே இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது!