வீடியோ கேமரா உயிர் பெறவில்லையா?

பாரிட் புந்தாரில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில், சிறு நாடாவில் பதிவு செய்யும் பழைய வீடியோ கேமரா ஒன்று கிடந்தது. கூடவே எட்டு நாடாக்கள். ஒன்றில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. இன்று அங்கே லயமும் இல்லை, கோயிலும் இல்லை. நாடாவை ஓட்டிப் பார்க்க அந்தக் கேமராவைத் தவிர வேறு கருவியும் இல்லை. அதுவோ, விசையை அழுத்தினால் விளக்கு எரியும். நாடா சுழலத் தொடங்கியதும் அணைந்துவிடும். “செத்துப் போச்சு, தூக்கிப் போடுப்பா” என்றார் நண்பரின் அப்பா.

அவசரம் வேண்டாம் என்று சுவரிலிருந்து சோதிக்கத் தொடங்கினோம். அதே சுவிட்சில் மேசை விசிறி சுழன்றது. மூன்று முனை பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம், அதுவும் நலமே.

அடுத்து அடாப்டர். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை 8.4 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. மல்டிமீட்டர் சரியாக 8.4 என்றே காட்டியது. ஏமாறும் இடம் இதுதான்! சுமை இல்லாதபோது பழுதான அடாப்டரும் சரியான அளவைக் காட்டக்கூடும். உள்ளிருக்கும் மின்தேக்கி காய்ந்து போயிருந்தால், நாடாவைச் சுழற்றும் மோட்டார் கூடுதல் மின்சாரம் கேட்கும் நொடியில் வோல்ட் சரியும், கேமரா அணையும்.

ஆகவே வேறோர் அடாப்டரை மாட்டிப் பார்ப்பதே நல்ல சோதனை. வோல்ட்டும் முனையின் நேர், எதிர் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் கேடில்லை. முனை பொருந்துகிறதே என்று மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகினால் கதை முடிந்தது. பழைய அடாப்டரைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

லித்தியம் மின்கலம் பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் வற்றிப்போய், அதன் பாதுகாப்புச் சுற்றே இணைப்பைத் துண்டித்துவிடும். உப்பியிருந்தால் மின்னூட்டாதீர்கள்.

இன்னொன்று. குளிரூட்டிய அறையிலிருந்து நம்மூர்ப் புழுக்கத்திற்குக் கேமராவைக் கொண்டு வந்தால் உள்ளே ஈரம் படியும்; கேமரா இயங்க மறுக்கும். அது மின்கோளாறு அன்று. ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

இரவல் அடாப்டரில் கேமரா நிற்காமல் ஓடியது. ஒரு மணி நேர நாடாவைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். திருவிழா நாடாவை முதலில் போட்டோம். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.