உங்க சுவரில் அடுத்தவர் எழுதினால் யார் பொறுப்பு? ரிவ்யூ, குரூப் அட்மின், போலி விளம்பரம்: மூணுக்கும் ஒரே சட்டம்

வழக்கமா நாம எஸ்ஐபி, வருமான வரி, ஜிஎஸ்டி பத்திதான் பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற ரூட். ஆனா முடிவுல இதுவும் உங்க பணம் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

எங்க ஊர் விருத்தாசலம், கடலூர் மாவட்டத்துல இருக்கற பீங்கான் ஊர். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர்ல இருக்கற வெள்ளைப் பீங்கான் எல்லாம் இங்க சூளையில வெந்து வெளிய போகும். என் கிளையன்ட் பலருக்கு இதுதான் தொழில்.

போன வருஷம் கார்த்திகைக்கு ஒன்றரை மாசம் முன்னாடி ஒரு பெரியவர் ஆஃபீசுக்கு வந்தார். அவர் பட்டறை பேர்ல இன்டர்நெட் மேப்ல வரிசையா 5 ரிவ்யூ. அஞ்சும் ஒத்தை ஸ்டார். "அட்வான்ஸ் வாங்கிட்டு சரக்கு அனுப்பலை, ஏமாத்துக்காரன்" என்ற ரீதியில். அவர் சேல்ஸ் லெட்ஜரை நானே புரட்டிப் பார்த்தேன். அந்தப் பேர்களில் ஒருத்தர்கூட அவரிடம் வாங்கியதே இல்லை. ஆனா வெளியூர் டீலர் ஒருத்தர் அதைப் படிச்சுட்டு 3 லட்சத்துக்கு மேல இருந்த விளக்கு ஆர்டரை நிறுத்திட்டார்.

பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆடிட்டர் தம்பி, எழுதினவன் எவன்னு தெரியாது. அதை ஊருக்கே காட்டுற கம்பெனி எதுன்னு தெரியுமே. அவங்க மேலயே கேஸ் போட்டா என்ன?"

நியாயமான கேள்வி. நான் ஆடிட்டர்தான், வக்கீல் இல்லை. இருந்தாலும் சட்டத்தைப் படிச்சு, தெரிஞ்ச வக்கீலிடமும் கேட்டுட்டுத்தான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் இங்க விரிவா எழுதறேன்.

சுவர் கணக்கு

நம்ம ஊர்ல சுவர் விளம்பரம் எல்லாருக்கும் தெரியும். அதை வெச்சே புரிஞ்சுக்கலாம்.

ராத்திரியில எவனோ வந்து உங்க காம்பவுண்டு சுவர்ல அடுத்தவரைத் திட்டி எழுதிட்டுப் போயிட்டான். காலையில உங்களைப் பிடிச்சு ஜெயில்ல போட்டா அது நியாயமா? இல்லை. சரி, "இதை அழிங்க"ன்னு முறைப்படி உத்தரவு வந்த பிறகும் அழிக்காம விட்டா? அப்ப உங்க மேலயும் தப்பு இருக்கு. அந்தச் சுவரை நீங்களே வாடகைக்கு விட்டு, காசு வாங்கி, எந்த இடத்துல எழுதினா நிறைய பேர் பார்ப்பாங்கன்னு யோசனையும் சொல்லியிருந்தா? அப்ப "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ல முடியாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆவது பிரிவு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. அடுத்தவர் போடும் பதிவுக்கு இடம் மட்டும் கொடுக்கும் நிறுவனத்துக்கு 'இடைத்தரகர்' என்று பெயர். பதிவை அவர்கள் தொடங்கி வைக்கக் கூடாது, யாருக்குப் போகணும்னு தேர்ந்தெடுக்கக் கூடாது, உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது. விதிகள் சொல்லும் கவனத்தோடும் நடந்துகொள்ள வேண்டும். அப்படி இருந்தால் அந்தப் பதிவுக்கு அவர்கள் பொறுப்பல்ல. குற்றத்துக்கு உடந்தையாக இருந்தாலோ, தெரிய வந்த பிறகும் நீக்காமல் விட்டாலோ பாதுகாப்பு போய்விடும்.

இந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது?

2004-இல் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் ஐஐடி காரக்பூர் மாணவர் ஒருவர் ஒரு ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டார். தளம் அதை நீக்குவதற்குள் சில பிரதிகள் விற்றுவிட்டன. அந்த டிசம்பரில் தளத்தின் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் கைது செய்யப்பட்டார். அவர் வீடியோவை எடுக்கவில்லை, விற்பனைக்குப் போடவுமில்லை. அவர் மீதான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 2012-இல். அதுவும், கம்பெனியைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் அதிகாரியை மட்டும் விசாரிக்க முடியாது என்ற காரணத்தால். ஏழு வருஷத்துக்கு மேல!

இந்தக் கைது தொழில் உலகத்தையே உலுக்கியது. 79-ஆவது பிரிவு 2008-இல் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

பழைய சட்டத்துக்கும் புதுசுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு இன்னொரு வழக்கு காட்டும். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் தயாரிக்கும் விசாகா இண்டஸ்ட்ரீஸ், கூகுள் குரூப்ஸில் 2008-இல் வந்த கட்டுரைகள் தங்களை அவதூறு செய்வதாக வழக்குப் போட்டது. வழக்கை ரத்து செய்யச் சொல்லி கூகுள் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 டிசம்பர் 10-இல் கோர்ட் மறுத்துவிட்டது. திருத்தத்துக்கு முந்தைய பிரிவு, அவதூறு போன்ற வேறு சட்டத்தின் குற்றங்களுக்குப் பாதுகாப்பு தராது என்பதே காரணம். அதே பதிவு 2009 அக்டோபருக்குப் பிறகு நடந்த விஷயமாக இருந்திருந்தால் கதையே வேற.

"தெரிய வந்த பிறகு" என்றால்?

முக்கியமான இடம் இதுதான், நிதானமா படிங்க. நீங்க ஒரு மெயில் போட்டா கம்பெனிக்கு 'தெரிந்துவிட்டது' என்று ஆகுமா?

2015 மார்ச் 24-இல் வந்த ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு பலருக்கு 66ஏ பிரிவை ரத்து செய்த தீர்ப்பாகத்தான் தெரியும். எங்க ஊர்ப் பக்கத்திலேயே அந்தப் பிரிவு பாய்ந்தது. 2012-இல் புதுச்சேரி தொழிலதிபர் ஒருவர், அன்றைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானார். அந்த 66ஏ ஒழிந்தது நல்லது. ஆனால் அதே தீர்ப்பில் 79-ஆவது பிரிவு பற்றியும் ஒரு முடிவு இருக்கிறது. 'தெரிய வருவது' என்றால் கோர்ட் உத்தரவோ, அதிகாரம் பெற்ற அரசு அமைப்பின் அறிவிப்போ வருவதுதான். தனிநபர் புகார் மட்டும் போதாது.

ஏன் இப்படி? பல லட்சம் பேர் "இது பொய், நீக்கு"ன்னு மெயில் போடுவாங்க. எது உண்மை, எது பொய்யுன்னு கம்பெனியே நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல முடியாது. பயத்துல எல்லாத்தையும் நீக்க ஆரம்பிச்சா, உண்மையான வாடிக்கையாளரின் உண்மையான குறையும் சேர்ந்து காணாமப் போகும். மோசமான கடைக்காரருக்குத்தான் அது கொண்டாட்டம்.

ஆக பெரியவருக்கு நான் சொன்ன பதில்: "ஐயா, நேரா கம்பெனி மேல பாய்ஞ்சா ஜெயிக்கறது கஷ்டம். ஆனா வழி இருக்கு." அந்த வழி கீழே வருது. அதுக்கு முன்னாடி, நம்மில் பலர் சிக்கக்கூடிய இரண்டு இடங்கள்.

நீங்க குரூப் அட்மினா?

அபார்ட்மென்ட் குரூப், சீட்டு குரூப், ஷேர் மார்க்கெட் குரூப்னு ஏதாவது ஒண்ணுக்கு நீங்க அட்மினா இருப்பீங்க. உள்ளே ஒருத்தர் தப்பான பதிவு போட்டால்?

கரூரைச் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குரூப் அட்மின் மீது இப்படித்தான் வழக்கு வந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் செய்தது அட்மினாக இருந்தது மட்டும்தான் என்றால் வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. அதே வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றமும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே திசையில்தான் தீர்ப்பு தந்தன. உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் தானாகக் குற்றவாளி ஆகமாட்டார்.

ஆனா நீங்களே அதை ஃபார்வேர்டு பண்ணினா கதை மாறிடும். நடிகர் எஸ்.வி. சேகர், 2018-இல் பெண் பத்திரிகையாளர்கள் பற்றிய ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். தனக்கு வந்ததைத்தான் பகிர்ந்தேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. சுவர் வெச்சிருக்கறவர் வேற, பெயின்ட் டப்பாவைக் கையில எடுக்கறவர் வேற.

அதனால, "இந்த ஷேர் நாளைக்கு டபுள்"னு வரும் டிப்ஸை நீங்க கைப்படத் தள்ளிவிடாதீங்க. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்பது உங்களைக் காப்பாத்தாது.

விளம்பரத்தை நம்பிப் பணம் போனால்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். சமூக வலைத்தளத்தில் பிரபலத்தின் முகத்தோடு ஒரு டிரேடிங் விளம்பரம். நம்பிப் பணம் போட்டேன், போச்சு. விளம்பரத்தைக் காட்டினவங்க பொறுப்பில்லையா?

இங்கே சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற டிரேட்மார்க் தொடர்பான வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. கீவேர்டை விற்று, அதில் வருமானம் பார்க்கும் விளம்பரத் தொழிலில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல. அங்கே டிரேட்மார்க் மீறல் நடந்தால் 79-இன் பாதுகாப்பு கிடைக்காது. சுவரை வாடகைக்கு விட்ட கதைதான் இது.

ஆனால் அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்க. அது டிரேட்மார்க் வழக்கு. அதை வெச்சு உங்க 4 லட்சத்தை பிளாட்ஃபார்மிடம் நாளைக்கே வாங்கிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல் வேலை பணத்தை நிறுத்தறது. உடனே 1930-க்கு போன், உங்க பேங்குக்குப் போன், தேசிய சைபர் குற்றப் போர்ட்டலில் புகார். பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவறதுக்குள்ள முடக்கினாத்தான் திரும்ப வர வாய்ப்பு. பிளாட்ஃபார்ம் மேல சண்டை அதுக்கு அப்புறம்.

ஆடிட்டரா எனக்கு ஒரு வேடிக்கை தெரியும். வரின்னு வந்தா அரசாங்கம் பிளாட்ஃபார்மை விடறதே இல்லை. ஆன்லைனில் நீங்க பொம்மை வித்தா, அந்தத் தளம் ஜிஎஸ்டியில் 0.5% பிடிச்சுத்தான் மீதியைத் தரும். 2024 ஜூலை 10-க்கு முன்னாடி அது 1%. ஆப் மூலமா ஓட்டல் சாப்பாடு வாங்கினா 2022 ஜனவரி 1 முதல் பொதுவா அந்த ஆப்தான் ஜிஎஸ்டி கட்டணும். வரிக்கு அவங்க பொறுப்பு, வார்த்தைக்குப் பொறுப்பில்லை. காரணம் எளிது. பில்லில் தொகை எழுதியிருக்கு. பதிவில் உண்மை பொய் எழுதியில்லை.

சரி, பாதிக்கப்பட்டால் என்ன செய்யணும்?

1. முதலில் ஆதாரம். ஸ்க்ரீன்ஷாட், முழு லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுத்து வைங்க. கோர்ட்டுக்குப் போனா, எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேணும்.

2. பிளாட்ஃபார்மின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 2021 விதிகளின்படி இப்படி ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். கெடுக்கள் அடிக்கடி திருத்தப்படுது, புகார் போடும் அன்னைக்கு நடப்பில் இருப்பதைப் பாருங்க. "மனசு புண்பட்டது"ன்னு எழுதாதீங்க. "இந்தப் பெயரில் எங்களிடம் விற்பனையே இல்லை, லெட்ஜர் இணைப்பு"ன்னு எழுதுங்க.

3. பதில் திருப்தி இல்லையா? குறைதீர் மேல்முறையீட்டுக் குழு 2023 முதல் இயங்குது. 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மேல்முறையீடு செய்யலாம்.

4. அதுவும் நடக்கலைன்னா வக்கீல் மூலமா சிவில் கோர்ட். எழுதினவர் யாருன்னு தெரியாவிட்டாலும் நீக்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம். அந்த உத்தரவு போன பிறகு பிளாட்ஃபார்ம் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல முடியாது. எழுத்தில் வந்த அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்க 1 வருஷம்தான் காலக்கெடு. தள்ளிப் போடாதீங்க.

5. ஒவ்வொரு படியிலும் கணக்குப் போடுங்க. செலவு, அலைச்சல் ஒரு பக்கம். இழந்த வியாபாரம் மறுபக்கம். கோபத்துக்கு கோர்ட் ஃபீஸ் கட்டாதீங்க.

நம்ம பெரியவர் விஷயம் என்னாச்சு? இரண்டாவது படியில் 2 ரிவ்யூ போச்சு. மீதி 3 அப்படியே நின்றது. மேல்முறையீட்டில் இன்னொண்ணு போச்சு. கோர்ட் வேண்டாம்னு அவரே முடிவெடுத்தார். மிச்சம் ரெண்டுக்கும் கீழே, "இந்தப் பெயரில் எங்களிடம் பில் இல்லை, பில் நம்பர் தந்தால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம்"னு அமைதியா ஒரு பதில் போட்டோம். இன்னைக்கு வரைக்கும் ஒரு பில் நம்பரும் வரலை.

அந்தக் கார்த்திகை ஆர்டர் போனது போனதுதான். டீலர் தை மாசம் திரும்ப வந்தார், பாதி அளவு ஆர்டரோட. "அந்தப் பதிலைப் படிச்சேன்"னாராம்.

பில்லை ஒழுங்கா போட்டு வைங்கன்னு நான் ஏன் தினமும் கத்தறேன்னு இப்ப புரியுதா? அது வரிக்கு மட்டும் இல்லை நண்பர்களே, பேரைக் காப்பாத்தவும்தான். அடுத்த வீடியோவில் பார்ப்போம்.