ஃபிஞ்ச் குருவிகள்: கூட்டமாக விடுவதா, ஜோடியாகப் பிரிப்பதா?

வீட்டுத் தாழ்வாரத்திலோ மாட்டுக் கொட்டகையின் ஓரத்திலோ கூண்டு அமைத்து, ஃபிஞ்ச் குருவிகளை வளர்த்துக் குஞ்சுகளை விற்பதைச் சிலர் உபதொழிலாகக் கொண்டுள்ளனர். இவற்றுள் எளிதில் பெருகக்கூடியது ஜீப்ரா ஃபிஞ்ச். புதிதாகத் தொடங்குவோர் பலர் பத்து, இருபது குருவிகளை ஒன்றாக வாங்கி, ஒரே பெரிய கூண்டில் விட்டு, மண் கலயங்களைத் தொங்கவிட்டு விடுகின்றனர். சில நாட்களில் கலயங்களில் முட்டைகள் நிறைந்துவிடும். ஆனால் இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் தேறிய குஞ்சுகள் சொற்பமாகவே இருக்கும். தீவனத்தின் மீதும் நோயின் மீதும் பழி போடுமுன், குருவிகளை விட்டிருக்கும் முறையைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

குருவியின் இயல்பு

ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்டது. எடை சுமார் 12 கிராம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு நிறத் திட்டும், மார்பில் கறுப்பு வரிகளும் உண்டு. அலகு நல்ல சிவப்பு. பெண்ணின் அலகு வெளிர் ஆரஞ்சு. முழு வெள்ளைக் குருவிகளில் அலகின் நிறத்தைக் கொண்டே ஆண் பெண் அறிய வேண்டும். காலையில் ஒன்றாக, நாளுக்கு ஒரு முட்டை வீதம் 4 முதல் 6 முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 12 முதல் 14 நாட்களில் குஞ்சு பொரித்து, மூன்று வாரத்திற்குள் குஞ்சுகள் கலயத்தை விட்டு வெளிவரும். தானே கொத்தித் தின்ன ஏறக்குறைய 35 நாட்களாகும்.

கூட்டமாக வாழும் பறவைதான். ஆனால் ஒவ்வொரு ஜோடியும் தன் கூட்டைத் தனக்கென்றே காத்துக்கொள்ளும். காட்டில் பக்கத்துப் புதருக்குப் போய்விடலாம். கூண்டில் அதற்கு வழியில்லை.

கூட்டுக் கூண்டில் நேர்வது

கலயம் எத்தனை இருந்தாலும் குருவிகள் விரும்புவது உயரத்தில் இருக்கும் ஒன்றிரண்டைத்தான். அதற்காகச் சண்டை மூளும். அடை முட்டையின் மேலேயே வேறொரு ஜோடி நாரைக் கொண்டுவந்து பரப்பி, புதிதாக முட்டையிட்டு விடும். ஒரு பெட்டை மற்றொன்றின் கலயத்தில் திருட்டுத்தனமாக முட்டையிடுவதும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஒரே நாளில் ஒரு கலயத்தில் இரண்டு முட்டைகள் கூடினால், இட்டவை இரண்டு பெட்டைகள். எட்டு, ஒன்பது முட்டைகளை ஒரு ஜோடியால் சூடு குறையாமல் அடைகாக்க இயலாது. பிந்தி இட்டவை பொரிக்கும்போது முந்திய குஞ்சுகள் பெரிதாகி, இரையைத் தட்டிப் பறித்துவிடும்.

மற்றொரு குறை, எந்தக் குஞ்சு எந்த ஜோடியுடையது என்பது தெரியாமல் போவது. உடன்பிறந்தவற்றையே ஜோடியாக விற்க நேர்ந்து, அவை வாங்கியவரிடம் சரிவரப் பெருகாவிட்டால், அவர் மறுமுறை நம்மிடம் வரமாட்டார்.

அப்படியானால் கடையில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பிடித்துத் தனிக் கூண்டில் அடைத்துவிட்டால் போதுமா? போதாது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிலைய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். குருவிகளைக் கூட்டமாக விட்டுத் தாமே துணை தேடச் செய்தனர். பின்னர் பாதி ஜோடிகளை அப்படியே விட்டு, மீதியைப் பிரித்து வேறு துணையுடன் சேர்த்தனர். தாமே தேர்ந்த ஜோடிகள் 37 விழுக்காடு கூடுதலான குஞ்சுகளைத் தேற்றின. மாற்றிச் சேர்த்தவற்றில் கருக்கூடாத முட்டைகள் மிகுதி. பொரித்த முதல் இரண்டு நாட்களில் இறந்த குஞ்சுகளும் மிகுதி. பெண் பார்க்கும் வேலையைக் குருவிகளிடமே விட்டுவிடுவது நல்லது என்று தோன்றுகிறது!

கைக்கொள்ள வேண்டிய முறை

ஆகவே கூட்டமும் வேண்டும், தனிக் கூண்டும் வேண்டும், காலம்தான் வேறு. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட, உறவில்லாத ஆறு ஆண், ஆறு பெண் குருவிகளை ஒரு பெரிய கூண்டில் விடவும். ஆண்களை ஒரிடத்திலும் பெண்களை வேறிடத்திலும் வாங்கினால் உறவுக் கலப்புக்கு இடமில்லை. காலில் வெவ்வேறு நிற பிளாஸ்டிக் வளையம் மாட்டவும். இந்தக் கட்டத்தில் கலயமோ நாரோ வைக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கவனித்தால், உடலோடு உடல் ஒட்டி அமர்ந்து, ஒன்றையொன்று அலகால் கோதிவிடும் ஜோடிகள் தெரியவரும். ஒரே நாள் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நான்கைந்து நாள் அதே இரண்டும் சேர்ந்திருந்தால், இரண்டையும் சேர்த்தே பிடித்துத் தனிக் கூண்டுக்கு மாற்றவும்.

ஜோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கூண்டு போதும். அரை அங்குலக் கண்ணுக்கு மேற்பட்ட வலை கூடாது. கூண்டுகளை ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும்படி அருகருகே வைக்கவும். சத்தம் கேட்பது முட்டையிடத் தூண்டும். ஒரு கலயமும், தேங்காய் நாரும் உலர்ந்த புல்லும் கொடுக்கவும். நீளமான நூலைக் கொடுத்தால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். எறும்புக்குக் கூண்டுக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம்.

சொந்த நிலத்துத் தினையும் சாமையும் நல்ல தீவனம். குஞ்சுள்ள காலத்தில் முளைகட்டிய தினையும், அவித்து நசுக்கிய முட்டையும் சேர்க்கவும். மீந்த முட்டையை மாலைக்குள் அகற்றிவிட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரையைத் தொங்கவிடலாம்.

தனிக் கூண்டுகள் வைக்க இடமோ நேரமோ இல்லாதவர்கள், ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். துணையில்லாத ஓர் ஆண் போதும், எல்லாக் கலயங்களையும் கலைத்துவிட. ஜோடிக்கு இரண்டு வீதம், எல்லாக் கலயங்களையும் ஒரே உயரத்தில் கட்டவும். முட்டையிடத் தொடங்கிய பின் புதுக் குருவியை உள்ளே விடக் கூடாது.

தாமே தின்னத் தொடங்கிய குஞ்சுகளைப் பெரிய கூண்டுக்கு மாற்றி, அலகின் கறுப்பு மறைந்து ஆண் பெண் தெரிந்ததும் பிரித்து வைக்கவும். வளைய நிறத்தையும் பெற்றோரையும் ஒரு நோட்டில் எழுதி வருவது அவசியம்.

வயலில் தினைக்கு வரும் சில்லைகளைப் பிடித்துக் கூண்டில் சேர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வளர்ப்பில் பிறந்த அயல்நாட்டுக் குருவிகளையே வாங்கவும்.

மூன்று ஈடு குஞ்சு எடுத்ததும் கலயத்தையும் நாரையும் அகற்றி, ஆணையும் பெண்ணையும் இரண்டு மூன்று மாதம் ஓய்வில் விடவும். கலயம் இருக்கும்வரை பெட்டை முட்டையிடுவதை நிறுத்தாது.